இரண்டாம் நாள் போத்தல்

சிறுநீரில் உதிர்ந்து வரும் கலங்களைப் பார்த்துப் புற்றுநோயைத் தேடும் சோதனையைப் பற்றியது இது. கட்டியைக் கண்ட பின்னரே இச்சோதனையைச் செய்ததாகச் சொல்பவர்கள் உண்டு; எங்கள் குடும்பத்தில் வரிசை தலைகீழாக அமைந்தது. வெள்ளவத்தையில் வசிக்கும் என் பெரியப்பாவுக்கு, நோவு ஏதுமின்றி, சிறுநீர் இரண்டு தடவைகள் தேத்தண்ணீர் நிறத்தில் போனது. கல்லாக இருக்கும் என்று பார்லித் தண்ணீர் குடித்தே ஒரு மாதத்தைக் கழித்தார். பின்னர் எடுத்த வயிற்று ஸ்கானிலும், சிறுநீர்ப்பைக்குள் கமரா செலுத்திப் பார்த்ததிலும் ஒன்றும் தெரியவில்லை.

ஆய்வுகூடத்தில் கலங்களைப் பார்ப்பதே என் தொழில். வைத்தியர் சிறுநீர்க் கலப் பரிசோதனையை எழுதியதும், பெரியப்பா விடியற்காலை முதற் சிறுநீரைப் பிடித்து, காலி வீதி நெரிசலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். இரவு முழுவதும் சிறுநீர்ப்பையில் ஊறி, வெக்கையிலும் கிடந்த கலங்கள் சிதைந்து, அவற்றின் உள்ளிருக்கும் கருவின் விளிம்பே தெரியாமல் இருந்தன. முன்கூட்டியே சொல்லாதது என் பிழைதான்.

அதன்பின் மூன்று நாட்கள், காலையில் இரண்டாம் தடவை போகும் சிறுநீரை எங்கள் ஆய்வுகூடத்திலேயே கொடுக்கச் செய்தோம். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள், சிறுநீரைப் பூசிய கண்ணாடி வழுக்கியில், கலத்தின் பத்தில் ஏழு பங்குக்கு மேல் கருவே நிறைந்து, கருமையாகச் சாயமேறி, கோணலான விளிம்புடன் நின்ற, புற்றுநோயைச் சந்தேகிக்க வைக்கும் சில கலங்களைக் கண்டதும் நுணுக்குக்காட்டியிலிருந்து எழுந்து வழுக்கியை நோயியல் நிபுணரிடம் கொடுத்துவிட்டேன். (நாங்கள் ஏற்றும் சாயம் பாப்பனிகொலாவு என்ற வைத்தியரின் பெயரால் வழங்குவது; கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனையால் அறியப்படும் அவர், 1945 இல் மார்ஷல் என்ற வைத்தியருடன் சேர்ந்து சிறுநீர்க் கலங்களைப் பற்றியும் எழுதினார்.)

சிறுநீர்ப்பை சுத்தமாக இருப்பதால் இக்கலங்கள் மேலிருந்தே வடிந்திருக்க வேண்டும் என்று கருதிய சத்திரசிகிச்சை நிபுணர், மருந்தேற்றிய சீ.ரி. ஸ்கானில் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாயான இடது சிறுநீர்க்கானின் கீழ்ப்பகுதியில் சிறிய கட்டியைக் கண்டார். சிறுநீர் வழியின் உட்புறப் படலத்தில் தோன்றும் இவ்வகைப் புற்றுநோய்களில் 5 முதல் 10 வீதமே சிறுநீர்ப்பைக்கு மேலே தோன்றுகின்றன. கல்லும், சிறுநீர் வழிக் கலங்களில் தொற்றும் பீ.கே. வைரசும் நல்ல கலங்களைக் கெட்டவை போலக் காட்டும். மெதுவாக வளரும் கட்டிகளின் கலங்களோ நல்லவை போலவே தோன்றித் தப்பிவிடும். ஆகவே ‘ஒன்றுமில்லை’ என்ற அறிக்கையை மட்டும் வைத்து நான் ஒருபோதும் நிம்மதி அடைவதில்லை.

இடது சிறுநீரகமும் சிறுநீர்க்கானும் அகற்றப்பட்டன. நோய் பின்னர் சிறுநீர்ப்பையில் தலைகாட்டக்கூடும் என்பதால் கண்காணிப்பு தொடர்கிறது. பெரியப்பா இப்போது வெறும் போத்தலுடன் வந்து, தண்ணீர் குடித்தபடி எங்கள் வாசலில் காத்திருக்கிறார்.