பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ராத்திரியில் தனியாக இருக்கிறார்கள், யாரிடம் சொல்வது?

ஈசூன்வாசி:
சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில், எங்கள் மாடியிலேயே ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. அப்பா அவர்களோடு இல்லை. அம்மாவுக்கு இரவு நேரத் துப்புரவு வேலை. மூத்தவள் தொடக்கநிலை 2, சின்னவனுக்கு மூன்று வயது இருக்கும். இரவு ஒன்பதரைக்கு இரும்புக் கதவை வெளியே பூட்டிவிட்டுப் போகிறவர் காலை ஏழு மணிக்குத்தான் திரும்புகிறார்.

போன புதன்கிழமை பதினொன்றரைக்குக் குப்பை போடப் போனேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூத்தவள் நின்றாள். “ஆன்ட்டி, தம்பி வாந்தி எடுத்துட்டான். எதால தொடைக்கிறது?” என்று கேட்டாள். என் வீட்டுத் துண்டையும் ஒரு போத்தல் தண்ணீரையும் கம்பி இடுக்கில் கொடுத்தேன். வாங்க நீட்டிய கையில் நீளமாக ஒரு தழும்பு. பிரம்படி மாதிரி இருந்தது, உறுதியாகத் தெரியவில்லை. “அம்மாகிட்ட சொல்லாதீங்க” என்றாள்.

அடுத்த வீட்டு விவகாரம், பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுபோய்விடுவார்கள் என்கிறார் என் கணவர். அந்த அம்மா கெட்டவர் இல்லை. தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவந்து கொடுத்தவர். இரண்டு நாளாக எனக்குத் தூக்கம் இல்லை.

மணி:
முதலில் அந்த அம்மாவிடமே பேசிப் பாருங்கள் அக்கா. நேராக மேலிடத்துக்குப் போனால் மனம் உடைந்துவிடுவார்.

பாலர் பள்ளி டீச்சர்:
தம்பி மணி சொல்வது வேறு விஷயங்களுக்குச் சரி. இங்கே தழும்பு இருக்கிறது, “சொல்லாதீங்க” இருக்கிறது. நீங்கள் போய்க் கேட்டால் அந்தக் கோபம் பிள்ளை மேல் திரும்பலாம். வெளியே பூட்டு வேறு. நெருப்புப் பிடித்தால் இரண்டு பேரும் எப்படி வெளியே வருவார்கள்?

நான் 22 வருடம் பாலர் பள்ளியில் வேலை பார்த்தேன். ஒரு பையன் திங்கட்கிழமை ஆனால் மூன்று கிண்ணம் கஞ்சி குடிப்பான். சனி ஞாயிறு வீட்டில் என்ன சாப்பிட்டான் என்று நான் கேட்கவே இல்லை. ஆதாரம் கிடைக்கட்டும் என்று காத்திருந்தேன். அவர்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள். அந்தக் கிண்ணத்தை அவன் வழித்துக் குடிப்பது இன்றும் கண்ணில் நிற்கிறது.

2020இல் நம் ஊரில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி கொடுமையால் இறந்தாள். அவள் உடம்பில் காயங்களைப் பாலர் பள்ளி 2019லேயே பார்த்திருந்தது. ஆளுக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தும் அந்தக் குழந்தை தப்பவில்லை. உங்களுக்குத் தெரிந்த கொஞ்சத்தையும் சொல்லிவிடுங்கள். அடித்தாரா இல்லையா என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை.

வன்முறைக்கு எதிரான தேசிய உதவி எண் 1800-777-0000. 24 மணி நேரமும் எடுப்பார்கள். நிலைமையைப் பார்த்துக் குடும்பச் சேவை நிலையத்துக்கு அனுப்புவார்கள். ஆபத்து பெரிது என்றால் சமூக, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் சிறார் பாதுகாப்புச் சேவைக்குப் போகும். அலறல் கேட்டால் யோசிக்காமல் போலீஸுக்கு 999. தேதி, நேரம், பிள்ளை சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் இன்றைக்கே எழுதி வையுங்கள்.

இரு பிள்ளைகளின் தாய்:
என்னைப் பற்றியும் ஒருவர் இப்படிச் சொன்னார். யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சமூக சேவை அதிகாரி கதவைத் தட்டிய அன்று அவமானத்தில் அழுதேன். அவர் பிள்ளைகளைக் கொண்டுபோக வரவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார், மகளோடு தனியாகப் பேசினார், என்னிடம் “கடைசியா எப்ப தூங்கினீங்க?” என்று கேட்டார். அப்புறம் குழந்தைப் பராமரிப்பு நிலையக் கட்டணத்துக்கு உதவி கிடைத்தது, நான் பகல் வேலைக்கு மாறினேன். கோபத்தில் நான் அடித்ததும் உண்மை. யாராவது தட்டியிருக்காவிட்டால் நிறுத்தியிருக்க மாட்டேன்.

ஈசூன்வாசி:
இன்று மதியம் அந்த உதவி எண்ணைக் கூப்பிட்டேன். இருபது நிமிடம் பேசினார்கள். பிள்ளைகளின் வயது, பூட்டு, தழும்பு எந்தக் கையில் என்று கேட்டார்கள். வலது கை என்று சொல்லும்போது குரல் அடைத்துவிட்டது. என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. இப்போது மணி பத்து. எங்கள் வீட்டு மரக்கதவைத் திறந்து வைத்துவிட்டு இரும்புக் கதவை மட்டும் சாத்தியிருக்கிறேன். கூப்பிட்டால் கேட்கும்.