குரோன் நோய் (குடலின் நாட்பட்ட அழற்சி): 4 இடத்தில் சிறுகுடல் சுருக்கம், வெட்டி எடுக்காமல் சரிசெய்ய முடியுமா?

தாமரைக்குளம்:
எம்.ஆர். என்டரோகிராஃபியில் (குடலுக்கான எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) 4 சுருக்கங்கள். மூன்று 3–5 செ.மீ., ஒன்று 15 செ.மீ. முந்தைய ஆபரேஷனில் இலியத்தில் (சிறுகுடலின் கடைசிப் பகுதி) 60 செ.மீ. போய்விட்டது. சீழ்க்கட்டி, ஃபிஸ்துலா (குடலிலிருந்து வேறு உறுப்புக்கோ தோலுக்கோ போகும் துளைவழி) எதுவும் இல்லை. இப்போது ஸ்ட்ரிக்சர்பிளாஸ்டி (சுருங்கிய இடத்தை வெட்டி எடுக்காமல், திறந்து அகலமாக்கித் தைப்பது) செய்யலாம் என்கிறார் சர்ஜன். நோய் பிடித்த குடலிலேயே தையல் போட்டால் நிற்குமா? திரும்ப அங்கேயே சுருங்காதா?

தையல்நூல்:
பெரும்பாலும் நிற்கும். மறுபடி வரும் சுருக்கம் பெரும்பாலும் வேறு இடத்தில்தான் வருகிறது. தைத்த இடத்தில் அழற்சி அடங்குவதே வழக்கம்.

நீளத்தைப் பொறுத்து முறை மாறும். 10 செ.மீ. வரை ஹைனெக்கே–மிகுலிச்: மெசென்ட்ரி (குடலுக்கு ரத்தக்குழாய் கொண்டுவரும் சவ்வு) ஒட்டாத பக்கத்தில் நீளவாக்கில் திறந்து, கீறலை இருபுறமும் நல்ல குடலுக்குள் 2 செ.மீ. வரை நீட்டி, குறுக்குவாக்கில் தைத்து மூடுவார்கள். குடல் சற்றுக் குட்டையாகி, விட்டம் அகலும். 15 செ.மீ. சுருக்கத்தில் இதைச் செய்தால் இரு முனைகளையும் இழுத்துச் சேர்க்க வேண்டும், தையல் விறைக்கும். அதற்கு ஃபின்னி: குடலை லாடம் போல மடித்துப் பக்கத்தோடு பக்கம் தைப்பது. 25 செ.மீ.க்கு மேல் போனாலோ சுருக்கங்கள் வரிசையாக இருந்தாலோ மிக்கெலாசி முறை (1996): குடலை நடுவில் வெட்டி, இரு பாதியையும் பக்கத்தில் பக்கம் வைத்து நீளமாகத் தைப்பது.

நான்கும் ஒரே குட்டைப் பகுதியில் நெருங்கி இருந்தால் அந்தத் துண்டை எடுத்துவிடுவதே மேல். நாலு தையலைவிட ஒரு இணைப்பு பத்திரம்.

மறுமுனை:
ஸ்கேன் 4 என்றால் 4தான் என்று நம்பக்கூடாது. திறந்த கீறல் வழியே ஃபோலி கதீட்டரை (நுனியில் பலூன் உள்ள ரப்பர் குழாய்) விட்டு, பலூனை 2 செ.மீ. விட்டத்துக்கு ஊதி இழுத்துப் பார்ப்பார்கள். மாட்டும் இடத்தில் சுருக்கம். கீழே ஒன்றைத் தவறவிட்டால் மேலே உள்ள புதுத் தையலில் அழுத்தம் ஏறிக் கசியும். சந்தேகமான புண்ணில் பயாப்சி (திசுத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) கட்டாயம். புற்று என்றால் விரிக்கும் பேச்சே இல்லை. நம் ஊரில் காசநோயையும் விலக்க வேண்டும். இந்த முறையை 1977-இல் இந்திய சர்ஜன்கள் வெளியிட்டதே காசநோய்ச் சுருக்கத்துக்குத்தான். ஆக்ஸ்ஃபோர்டின் லீ குரோனுக்குச் செய்து எழுதியது 1982-இல்.

தாமரைக்குளம்:
ஆல்புமின் (ரத்தப் புரதம்) 2.6, குறைவு. பிரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு) 30 மி.கி. ஓடுகிறது.

தையல்நூல்:
கசிவுக்கு இரண்டும் சேர்ந்தே வழி விடும். முழு அடைப்பு இல்லையென்றால் சில வாரம் திரவ ஊட்டம் கொடுத்து, ஸ்டீராய்டை டாக்டர் சொல்லும் வேகத்தில் குறைத்துவிட்டுப் போவது நல்லது. திடீரென நிறுத்தக்கூடாது. ஆபரேஷனுக்குப் பின் மலம் கறுத்தாலோ ரத்தமாகப் போனாலோ உடனே சொல்லுங்கள். தையல் வரிசைக் கசிவு ரத்தம் பெரும்பாலும் தானாக நிற்கும், ஆனால் கண்காணிப்பில்தான்.

மறுமுனை:
மிச்சக் குடலை அளந்து டிஸ்சார்ஜ் சம்மரியில் செ.மீ. கணக்கில் எழுதித் தரச் சொல்லுங்கள். 200-க்குக் கீழே போனால் குட்டைக்குடல் பிரச்சினை (சத்தை உறிஞ்சக் குடல் போதாமை) தொடங்கலாம். அடுத்த சர்ஜன் முதலில் தேடும் எண் அதுதான்.