எல்லோருக்கும் மூச்சு 20

முக்கூடல் சிஸ்டர்:
திருநெல்வேலி வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். நைட் டியூட்டி சார்ட்டை எடுத்தால் வார்டில் அத்தனை பேருக்கும் மூச்சு நிமிடத்துக்கு 20 என்றே இருக்கும். களக்காட்டு ஆச்சிக்கும் 20, பக்கத்துக் கட்டில் நிமோனியாக்காரருக்கும் 20. யாரும் எண்ணுவதில்லை. விடியற்காலையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதிவிடுவார்கள். உடம்பு மோசமாகும்போது பல நேரம் முதலில் ஏறுவது மூச்சு எண்ணிக்கைதான். அது தெரியாதவர்களும் இல்லை, படித்த பிள்ளைகள்தானே.

நாங்குநேரிப் பக்கமிருந்து புதிதாக ஒரு பிள்ளை வந்து சேர்ந்தாள். ஆள் பற்றாத ஒரு ராத்திரி, பார்க்காததைப் பார்க்கவில்லை என்றே எழுதி வைத்தாள். காலையில் இன்சார்ஜ் சிஸ்டர், "ஏட்டி, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுவா?" என்று எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டார். மெமோவும் வந்தது. இத்தனை காலம் வேலை பார்ப்பேன் என்று எழுதிக் கொடுத்த பாண்டு முடியவில்லை, ஒரிஜினல் சர்டிபிகேட் ஆபீஸ் பீரோவில் கிடக்கிறது. என்ன பேசுவாள்? கொஞ்ச நாளில் அவள் சார்ட்டிலும் 20 வந்துவிட்டது. இன்சார்ஜைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. ஆள் கேட்டு மேலே போனபோதெல்லாம் அவருக்குக் கிடைத்ததும் ஏச்சுதான்.

பாண்டு முடிந்து அதே பிள்ளை பாளையங்கோட்டையில் வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே ஒருநாள் இன்சுலின் போட்டாயிற்று, இட்லி வரவில்லை, நோயாளிக்குச் சுகர் இறங்கிவிட்டது. தானாகவே போய்ச் சொல்லியிருக்கிறாள். மேட்ரன் கேட்டது, "இப்ப சுகர் எவ்வளவு? டாக்டருக்குச் சொல்லியாச்சா?" அவ்வளவுதான். அப்புறம், சாப்பாடு தட்டில் வந்ததைப் பார்த்த பிறகே ஊசி என்று வார்டு முழுக்க மாற்றினார்கள். பெயர் சொல்லி யாரையும் ஏசவில்லை.

கல்லிடைக்குறிச்சிக்காரர்:
எங்க அப்பாவை டிஸ்சார்ஜ் பண்ணும்போது ஒரு சிஸ்டர், "பிரிக்காத ஊசி மருந்து ரெண்டு இருக்கு, மெடிக்கல்ல திருப்பிக் கொடுத்துருங்க அண்ணாச்சி. நான் சொன்னேன்னு சொல்லிராதிய" என்றார். இதற்கு ஏன் பயப்படுகிறார் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

பேட்டை டீச்சர்:
நர்சிங் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ஆஸ்பத்திரியின் அறச்சூழலை, அதாவது சரியானதைச் செய்ய அங்கே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை அளக்க, அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஓல்சன் 1998இல் 26 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். சக நர்ஸ், நோயாளி, மேலாளர், டாக்டர், ஆஸ்பத்திரி என்று அது பார்ப்பது உறவுகளைத்தான். நாங்களோ பரீட்சையில் நர்ஸின் நற்பண்புகளை எழுதச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்! இப்போதெல்லாம் வேலைக்குப் போகிற பிள்ளைகளிடம், ஒரிஜினலை வாங்கி வைக்கிறார்களா, நைட்டில் வார்டுக்கு எத்தனை பேர், தப்பைச் சொன்னால் முதலில் என்ன கேட்பார்கள் என்று அங்கே இருக்கிற சீனியரிடம் விசாரித்துவிட்டுச் சேரச் சொல்கிறேன்.