நியூ ஜெர்சியா, டெக்சாஸா? அம்மாவுக்கு எது சரிவரும்?

உப்புவெளித் தங்கச்சி:
அக்கா குடும்பம் நியூ ஜெர்சி எடிசனில் வாடகைக்கு இருக்கிறது. அத்தானுக்கு ஹூஸ்டனில் வேலை கிடைத்திருக்கிறது. எந்தப் பக்கம் இருந்தாலும் அம்மாவைக் கூப்பிடுவார்களாம். அம்மாவுக்குக் கார் ஓடத் தெரியாது. வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போகாமல் இருக்கமாட்டா.

நிலாவெளியான், ஹூஸ்டன்:
தங்கச்சி, டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை. வீடும் நியூ ஜெர்சியை விட மலிவு. ஆனால் வீட்டு வரி இங்கேயும் கனக்க. அதோடு வெள்ளக் காப்புறுதியையும் கூட்டிப் பார்க்கட்டும். வீடு வாங்க முதல், 2017 ஹார்வி புயலுக்கு அந்தத் தெருவில் தண்ணீர் ஏறியதா என்று அயலாரிடம் கேட்கச் சொல்லுங்கள். 2021 பெப்ரவரிக் குளிருக்கு எங்களுக்குக் கரண்ட் இல்லை, பிள்ளைகளைப் போர்வைக்குள் வைத்திருந்தோம். பியர்லாந்தில் மீனாட்சி அம்மன் கோயில் இருக்கிறது, நல்ல கோயில். கார் இல்லாமல் போகேலாது.

எடிசன் ரஞ்சி:
அம்மாவை நினைத்தால் எடிசன்தான். ஓக் ட்ரீ ரோட்டுக்குக் கிட்ட வீடென்றால் முருங்கைக்காய், கறிவேப்பிலை எல்லாம் நடந்தே வாங்கலாம். பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்கு யாராவது கூட்டிப் போகத்தான் வேணும். ஜனவரியில் பனி உறைந்த நடைபாதையில் மட்டும் தனியே விடாதீர்கள்.

உப்புவெளித் தங்கச்சி:
நன்றி ரஞ்சி அக்கா. வாடகை இப்ப அங்கே எவ்வளவு போகுது?