'ஒன்லி டூ ஹாப்பி டு ஹெல்ப்' என்றால் உதவுவார்களா, மாட்டார்களா?

கேள்வி: மாலை வகுப்பு

வேலைக்குப் போய்க்கொண்டே ஆங்கிலம் படிக்கிற பெரியவர்களுக்கு மாலையில் வகுப்பு எடுக்கிறேன். நேற்று ஒரு மாணவி தனக்கு வந்த மின்னஞ்சலைக் காட்டினார். கடைசி வரி: 'வி வுட் பி ஒன்லி டூ ஹாப்பி டு ஹெல்ப்.' அதை அவர் பாடத்தில் படித்த வாய்ப்பாட்டின்படி பிரித்திருந்தார். 'டூ' வந்து, பின்னால் 'டு' வந்தால் 'சோ... தட்... நாட்' என்று மாற்ற வேண்டும். 'ஹீ இஸ் டூ டயர்ட் டு வாக்' என்றால் நடக்க முடியாத அளவுக்குக் களைப்பு. அதே கணக்கில், 'உதவ முடியாத அளவுக்கு மகிழ்ச்சியாக இருக்கிறோம்' என்று நோட்டில் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார்.

அந்தக் கேள்விக்குறி நியாயமானது. 'தாராளமாக உதவுகிறோம்' என்பதுதான் அர்த்தம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். ஏன் அப்படி என்பதை விளக்க ஒரு வழி வேண்டும். 'அது மரபுத்தொடர், மனப்பாடம் பண்ணிக்கோங்க' என்று சொல்லிவிட்டு நகர மனசு வரவில்லை. ஒரு வினையடை வந்து, அதைத் தொடர்ந்து 'டு' போட்ட வினை வரும்போது, அந்த வினை எந்தச் சொல்லோடு சேருகிறது?

(அளவு மீறியதைச் சொல்வதை 'டூ' என்று நெடிலாகவும், வினைக்கு முன் வருவதை 'டு' என்று குறிலாகவும் எழுதுகிறேன். நீங்களும் அப்படியே எழுதினால் படிக்க வசதி.)

பதில்: பத்திர மொழிபெயர்ப்பாளர்

டீச்சர், ஒப்பந்தம், புகார்க் கடிதம், சாட்சி வாக்குமூலம் என்று நாள் முழுக்க ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றுவதுதான் என் தொழில். இந்த வடிவம் கண்ணில் பட்டாலே நான் வேகத்தைக் குறைத்துவிடுவேன். காரியம் நடந்ததா இல்லையா என்பதே இதில் தலைகீழாகிவிடும்.

'டூ'வைத் தூக்கிவிட்டு வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள். 'ஹீ இஸ் டயர்ட் டு வாக்' என்று யாரும் சொல்வதில்லை. அப்படியென்றால் 'டு வாக்' என்பதை அங்கே கொண்டுவந்தது 'டயர்ட்' இல்லை, 'டூ'தான். 'டூ' என்றாலே ஏதோ ஒரு எல்லை தாண்டியாகிவிட்டது. எந்த எல்லை என்பதை 'டு வாக்' சொல்கிறது. அதனால்தான் 'நாட்' என்ற சொல் எங்கும் இல்லாமலே நடை நின்றுபோகிறது.

இப்போது உங்கள் மாணவியின் வரி. 'வி வுட் பி ஹாப்பி டு ஹெல்ப்.' எதையும் இழக்காமல் நிற்கிறது. 'டு ஹெல்ப்' முதலிலிருந்தே 'ஹாப்பி'க்குச் சொந்தம். பிறகு வந்த 'ஒன்லி டூ' அந்த மகிழ்ச்சியைக் கூட்டுகிறதே தவிர, உதவியில் கைவைக்கவில்லை.

'ஹீ இஸ் டூ க்விக் டு ஜட்ஜ்' என்பதும் இந்த வகைதான். 'டூ' போனாலும் 'க்விக் டு ஜட்ஜ்' இருக்கும். எனவே அவன் தீர்ப்புச் சொல்கிறான், அதுவும் முந்திக்கொண்டு சொல்கிறான். ஒரு வாக்குமூலத்தில் 'தி மேனேஜர் வாஸ் டூ ரெடி டு பிலீவ் தி ரூமர்' என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பாட்டில் போட்டால் மேலாளர் வதந்தியை நம்பவில்லை என்று வரும். சாட்சி சொன்னதோ, கேட்டவுடனே நம்பிவிட்டார் என்று. ஒரு மனிதர் மேல் உள்ள குற்றச்சாட்டையே அது அழித்துவிடும். அதனால்தான் வாய்ப்பாட்டை மட்டும் கொடுத்து மாணவர்களை அனுப்பக்கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிக் கொடுங்கள்: 'டு'வுக்குப் பின்னால் வரும் வினையைச் செய்வது யார்? 'தி சைல்ட் இஸ் டூ யங் டு டிராவல் அலோன்' என்றால் பயணம் போகிறது குழந்தை. 'தி சைல்ட் இஸ் டூ யங் டு லீவ் அலோன்' என்றால் விட்டுவிட்டுப் போகிறவர் வேறு ஒருவர். வடிவம் ஒன்றுதான், ஆள் மாறிவிட்டார். மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1986இல் இதையே ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டார். 'ஜான் இஸ் டூ ஸ்டபர்ன் டு டாக்' என்றால் ஜான் பிடிவாதத்தால் பேச மாட்டான். கடைசியில் இன்னொரு 'டு' சேர்த்து 'டூ ஸ்டபர்ன் டு டாக் டு' என்றால், அவனோடு யாராலும் பேச முடியாது. இதை யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதில்லை, ஆனாலும் ஆங்கிலம் தாய்மொழியானவர்களுக்குப் பிசகுவதில்லை. எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிற விஷயம் இது.

பதில்: எழிலி

அண்ணா, 'ப்ரௌட்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டால்? 'ஷீ இஸ் ப்ரௌட் டு அக்செப்ட் தி அவார்ட்' நன்றாகவே நிற்கிறது. ஆனால் 'ஷீ வாஸ் டூ ப்ரௌட் டு அக்செப்ட் ஹெல்ப்' என்றால் உதவியை வாங்கிக்கொள்ளவில்லை என்றுதானே வருகிறது?

பதில்: பத்திர மொழிபெயர்ப்பாளர்

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். 'டூ' இல்லாமல் வாக்கியம் நிற்காவிட்டால் எதிர்மறை என்று நிச்சயமாகச் சொல்லலாம். நின்றால் இரண்டு வாசிப்புக்கும் இடம் உண்டு, அங்கே சுற்றியிருக்கிற பொருளைத்தான் பார்க்க வேண்டும். 'ஹாப்பி'கூட அப்படித்தான். 'டூ ஹாப்பி டு ஸ்லீப்' என்றால் மகிழ்ச்சியில் தூக்கம் வரவில்லை.

இந்த இரட்டை வாசிப்பைத் தீர்க்கத்தான் 'ஒன்லி' உதவுகிறது. 'ஒன்லி டூ ப்ரௌட் டு அக்செப்ட்' என்றால் பெருமையோடு வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். 'ஆல்' போட்டாலும் இதே கதை: 'இட் இஸ் ஆல் டூ ஈஸி டு ஃபர்கெட்' என்றால் மறப்பது ரொம்பச் சுலபம், மறந்தும்விடுகிறோம் என்ற ஆதங்கம். 'ஒன்லி டூ'வில் பெரும்பாலும் மனமுவந்த சம்மதம் இருக்கும், 'ஆல் டூ'வில் பெரும்பாலும் ஒரு வருத்தம் இருக்கும்.

பதில்: திருத்தும் மேசை

'இனஃப்' பற்றி யாரும் பேசவில்லையே. 'ஃபாஸ்ட்' மாதிரிச் சொல்லுக்கு 'டூ' முன்னால் வரும், 'இனஃப்' பின்னால் வரும்: 'ஹீ ரன்ஸ் ஃபாஸ்ட் இனஃப் டு வின்.' பெயர்ச்சொல் என்றால் மட்டும் 'இனஃப்' முன்னால் வரும்: 'இனஃப் டைம் டு ஈட்'. 'டூ ஹெவி ஃபார் மீ டு லிஃப்ட்' என்ற இடத்தில் கடைசியில் 'இட்' சேர்க்க வேண்டாம். சிலர் சேர்த்துவிடுவார்கள்.

கேள்வியின் பொதுப் பகுதிக்கு ஒரு குறிப்பு. 'ஷீ டிசைடட் க்விக்லி டு லீவ்' என்றால் முடிவு சட்டென்று வந்தது. 'ஷீ டிசைடட் டு லீவ் க்விக்லி' என்றால் பெரும்பாலும் கிளம்புவதுதான் வேகம். 'டு க்விக்லி லீவ்' என்று நடுவில் வைத்தால் சந்தேகமே இல்லை. அப்படிப் பிரிப்பது தவறு என்று 1864இல் ஆங்கில நடை பற்றி எழுதிய ஹென்றி ஆல்ஃபர்ட் போன்றவர்கள் கண்டித்தார்கள். இன்றைய ஆங்கிலத்தில் அது சாதாரணம். தெளிவுக்காக என்றால் நான் தயங்காமல் பிரிப்பேன்.

பதில்: மாலை வகுப்பு

எல்லோருக்கும் நன்றி. 'டூ'வை எடுத்துப் பார்க்கிற சோதனையை அடுத்த வகுப்பில் வைக்கிறேன், 'ப்ரௌட்' உதாரணத்தோடு சேர்த்தே. ஒரு சின்னச் சந்தேகம்: 'ஹீ ரஷ்ட் ஹோம், ஒன்லி டு ஃபைண்ட் தி டோர் லாக்ட்' என்பதில் வரும் 'ஒன்லி'யும் இதே 'ஒன்லி'தானா?

பதில்: பத்திர மொழிபெயர்ப்பாளர்

இல்லை டீச்சர், அது வேறு. பூட்டிய கதவைப் பார்க்க அவன் ஓடவில்லை, ஓடி வந்தும் அதுதான் மிச்சம். நோக்கத்தைச் சொல்கிற 'டு' மாதிரி தெரிந்தாலும், முன்னால் 'ஒன்லி' நின்றால் பெரும்பாலும் விளைவைத்தான் சொல்லும், அதுவும் ஏமாற்றமான விளைவை. 'நெவர் டு ரிட்டர்ன்' என்பதும் அப்படியே. தமிழில் 'பார்ப்பதற்காக' என்று போட்டுவிடாமல், 'ஓடிவந்து பார்த்தால் கதவு பூட்டியிருந்தது' என்று எழுதச் சொல்லுங்கள்.