லாங்ஆர்ம் மெஷினும் உயரம் மாற்றும் மேசையும்: வாங்கப் போன இடத்தில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பஞ்சுப்பொதி, ஹூஸ்டன்

இங்கே நடக்கும் குவில்ட் திருவிழாவுக்குப் போன தடவை நான் போனதே லாங்ஆர்ம் பார்க்கத்தான், அதாவது குவில்ட் (நடுவில் பஞ்சு வைத்து மேல்துணியையும் அடித்துணியையும் சேர்த்துத் தைக்கும் போர்வை) தைக்கும் நீண்ட கழுத்துள்ள மெஷின். க்வீன் சைஸ் போர்வையை வீட்டு மெஷினில் சுருட்டித் திணித்து மணிக்கட்டு வீங்கின கதை இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன்.

ஒரு கடையில் 12 அடி ஃப்ரேமில், அதாவது போர்வையை விரித்து மாட்டி அதன் மேல் மெஷினை நகர்த்தித் தைக்கும் சட்டத்தில், 24 அங்குல மெஷின் வைத்திருந்தார்கள். அந்த 24 அங்குலம் த்ரோட், ஊசிக்கும் மெஷினின் பின்தண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. ஓட்டிப் பாருங்கள் என்றார்கள். நான் ஐந்தடிக்கும் குறைவு. கைப்பிடி என் நெஞ்சுக்கு நேரே நின்றது. ஒரு வட்டம் போட்டேன். மேல் பாதி அழகாக வந்தது. என் பக்கம் இழுக்கும்போது முழங்கை போக வழியில்லாமல் வெளியே விரிந்தது, தோள் காதுவரை ஏறியது, வட்டத்தின் அடிப்பக்கம் சப்பையாகிவிட்டது. அடுத்த வட்டம், அதற்கடுத்தது, எல்லாமே அதே இடத்தில் சப்பை.

"ஃப்ரேமைக் கொஞ்சம் இறக்கித் தர முடியுமா?" என்று கேட்டேன். "கால்களில் போல்ட் கழற்ற வேண்டும், இப்போது முடியாது. பழகினால் சரியாகிவிடும்" என்றார் விற்றவர்.

தைத்த துண்டை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். தையல் நீளத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது, ஒரு தையல்கூட நீளம் மாறவில்லை. வட்டம் கெட்டது உயரத்தால் மட்டும்தான். பத்தாயிரம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்குகிற ஒரு பொருளுக்கு என் உடம்பு ஏன் பழக வேண்டும்? த்ரோட் எத்தனை அங்குலம் என்று விசாரித்த அளவுக்கு உயரத்தை யாராவது விசாரித்தீர்களா?

நூல்கண்டு, மினியாபொலிஸ்

நான் உட்கார்ந்து தைக்கும் 16 அங்குல மெஷின் வாங்கினேன். ஃப்ரேம் போட வீட்டில் இடமில்லை. கூடவே வந்த மேசை வேண்டாமென்று, மின்சாரத்தில் ஏறி இறங்கும் ஆபீஸ் மேசையின் கால்களை வாங்கி, அதன் மேல் பலகை போட்டு, மெஷின் படுக்கைக்கு இடம் வெட்டிப் பொருத்தினோம். நின்றும் தைக்கலாம், உட்கார்ந்தும் தைக்கலாம் என்ற ஆசை.

உட்கார்ந்தபோது ஒரு குறையும் இல்லை. மேசையை ஏற்றி, நின்றுகொண்டு வேகத்தைக் கூட்டினேன். குண்டூசிக் கிண்ணம் தானாக நகர ஆரம்பித்தது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், கிண்ணம் மேசை நுனிவரை ஊர்ந்து போய் விழுந்து, ஊசியெல்லாம் தரையில் சிதறிவிட்டது. கால் நீள நீள ஆட்டம் கூடுகிறது. அந்தக் கால்களுக்குப் பாரம் தாங்கும் அளவு எழுதியிருந்தார்கள், அதில் தப்பில்லை. ஆனால் பாரம் தாங்குவது வேறு, நிமிடத்துக்கு ஆயிரம் குத்துக்கு மேல் குத்தும் மெஷினை அசையாமல் பிடிப்பது வேறு.

இப்போது உட்காரும் உயரத்தில் மட்டும் வைத்திருக்கிறேன். பின்னாலும் இடப்பக்கமும் அதே உயரத்துக்கு வேறு மேசைகளை ஒட்டிப் போட்டேன். போர்வை மேசையை விட்டு இறங்கித் தொங்கினால் அதன் பாரமே துணியை இழுக்கிறது, தையல் அந்தப் பக்கம் பொடிப்பொடியாக விழுகிறது.

ரசமட்டம், மிச்சிகன்

தைப்பது என் மனைவி, ஃப்ரேம் பூட்டியது நான். நூல்கண்டு சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் உட்கார்ந்து தைப்பதை லாங்ஆர்ம் என்று சொன்னால் புதிதாக வாங்குகிறவர்கள் குழம்புவார்கள். அங்கே துணியை நகர்த்துகிறோம், இங்கே மெஷினை நகர்த்துகிறோம். இரண்டும் வேறு வேலை.

எங்களுக்கு நடந்தது இது. வீட்டின் அடித்தளத்தில் (பேஸ்மென்டில்) ஃப்ரேமைப் பூட்டி முடித்து, மெஷினை ஏற்றி, மனைவி ஒரு வரிசை தைத்துவிட்டுக் கையை எடுத்தாள். மெஷின் மெதுவாக இடப்பக்கம் உருண்டு போய்க் கடைசியில் டக்கென்று முட்டி நின்றது. நடுவுக்குக் கொண்டுவந்து விட்டாள், மறுபடியும் போனது. அடித்தளத் தரை, தண்ணீர் வடிகிற ஓட்டையைப் பார்த்துச் சரிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, சக்கரத்துக்குத் தெரியும்.

ஆகவே வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது. ரசமட்டத்தை நீளவாக்கில் மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள், தண்டவாளத்துக்குக் குறுக்கேயும் வைத்துப் பாருங்கள். குறுக்கே சரிந்தால் மெஷின் உங்கள் மேல் வரும், அல்லது உங்களை விட்டு ஓடும். 12 அடி ஃப்ரேமுக்கு நடுவிலும் கால் இருந்தால் முதலில் அதைத் தூக்கிவிட்டு இரண்டு ஓரங்களையும் சமப்படுத்துங்கள், அப்புறம் நடுக்காலை இறக்குங்கள். மின்சார லிஃப்ட் வைத்த கால்கள் என்றால் ஒவ்வொரு தடவை ஏற்றி இறக்கிய பிறகும் மட்டம் பாருங்கள், ஒரு கால் சற்று முந்தலாம். கார் ஷெட்டில் போடுகிறவர்கள் குளிர்காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய் இறுகும், ஊசிக்கம்பி கனக்கும். எர்த் உள்ள பிளக், முடிந்தால் அதற்கென்று தனி லைன். அடித்தளத்துப் படிக்கட்டின் திருப்பத்தை டேப் வைத்து அளங்கள், ஃப்ரேம் குழாய்கள் துண்டாக வந்தாலும் மெஷின் தலை ஒரே துண்டு. காங்கிரீட் தரையில் மெத்தென்ற பாய் போடுவீர்கள் அல்லவா, அதன் தடிமனையும் உயரத்தில் சேர்க்க வேண்டும், ஏனென்றால் பாயில் நிற்பது நீங்கள், ஃப்ரேம் அல்ல.

ஜரிகைக்கரை, நியூஜெர்சி

ரசமட்டம் அண்ணா, வணக்கம். தோள்பட்டையில் அறுவை முடிந்தவள் நான். உட்கார்ந்து தைப்பதை லாங்ஆர்ம் கணக்கில் சேர்க்காதீர்கள் என்று நீங்கள் எழுதியது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. ஹேண்டி குவில்ட்டர் கம்பெனியின் ஸ்வீட் சிக்ஸ்டீன் மெஷின் ஃப்ரேமே இல்லாமல் மேசைக்கென்றே வந்தது. பெர்னினாவின் க்யூ 20 மேசையிலும் வரும், ஃப்ரேமிலும் வரும், தலை ஒன்றுதான். பிறகு எப்படி ஒன்று லாங்ஆர்ம், இன்னொன்று இல்லை?

என் விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் இருப்பது ஃப்ரேம்தான், மின்சார லிஃப்டோடு. நானும் என் மகளும் மாறி மாறித் தைக்கிறோம், அவள் என்னைவிட ஒரு தலை உயரம். அதனால் வாங்கும்போதே லிஃப்ட் இல்லாத எதையும் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மெஷினில் இரண்டு அங்குலம் குறைத்து அந்தப் பணத்தை லிஃப்டில் போட்டேன்.

அம்மாவின் காஞ்சிபுரம் புடவைகளைக் கட்டங்களாக வெட்டி ஒரு போர்வை. பின்னால் மெல்லிய ஒட்டுத்துணி வைத்து இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்டினேன், இல்லையென்றால் பட்டு பிசிறி ஓடிவிடும். கொடியும் இலையுமாகப் பாண்டோ ஓட்டினேன். பாண்டோ என்றால் மெஷினுக்குப் பின்பக்கம் நின்று, மேசையில் விரித்த காகிதக் கோட்டில் லேசர் புள்ளியை ஓட்டுவது. ஊசி எங்கே போகிறது என்று நம் கண்ணுக்குத் தெரியாது. சத்தம் மட்டும் மாறியது. பட்டில் சரசரவென்று போனது, கரைக்கு வந்ததும் மணலில் குத்துகிற மாதிரி ஆனது. நிறுத்தி முன்னால் ஓடி வந்து பார்த்தேன். ஊசி முனை ஜரிகையின் ஓர் இழையைக் கொக்கி போட்டு இழுத்திருந்தது. கரையிலிருந்து விரல் நீளத்துக்கு மினுமினுவென்று ஒரு கம்பி எழுந்து நிற்கிறது. பட்டில் ஊசித் துளை விழுந்தால் விழுந்ததுதான், பிரித்தாலும் மறையாது.

அதற்கப்புறம் புது ஊசி போட்டு, முன்பக்கம் வந்து, ஃப்ரேமைக் குனியாமல் பார்க்கும் அளவுக்கு ஏற்றி, ரூலர் வைத்து, ஜரிகையைத் தொடாமல் கரைக்கு இரண்டு பக்கமும் மட்டும் தைத்து முடித்தேன். ஒரு பொத்தானை அழுத்தி ஏற்ற முடியாமல் இருந்திருந்தால் என் கழுத்து அந்த வேலைக்கு ஒத்துழைத்திருக்காது.

இன்னொன்று. பாண்டோ ஓட்டுவீர்களா என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஓட்டுவீர்கள் என்றால் ஃப்ரேமுக்குப் பின்னால் தாராளமாக நடக்க இடம் வேண்டும். சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டு லேசர் வாங்கிப் பிரயோஜனமில்லை.

ரசமட்டம், மிச்சிகன்

உங்களைப் புண்படுத்த எழுதவில்லை அம்மா. கடைகளில் இரண்டையும் ஒரே பெயரில் விற்பதால்தான் சொன்னேன். லிஃப்டுக்குப் பணம் போட்டது சரி. ஆனால் த்ரோட்டைக் குறைக்கச் சொல்லாதீர்கள். 18 அங்குலம் என்றால் 18 அங்குலமும் தைக்கக் கிடைக்காது. தைத்து முடித்த பகுதி சுருண்டு த்ரோட்டுக்குள்தான் ஏறுகிறது. மெஷினின் தையல் பாதத்துக்கும் கொஞ்சம் இடம் போய்விடும். கிங் சைஸில், தடித்த பேட்டிங் (நடுவில் வைக்கும் பஞ்சு) போட்டால், கடைசி வரிசைகளில் 11, 12 அங்குலம் மிஞ்சினாலே நல்லது.

ஜரிகைக்கரை, நியூஜெர்சி

குறைத்தேன் என்றால் 26-லிருந்து 24-க்கு, அண்ணா. 16-க்கு இல்லை.

மஸ்லின், கென்டக்கி

நான் மெஷின் வாங்கவில்லை, வாடகைக்கு ஓட்டுகிறேன். தேசிய குவில்ட் அருங்காட்சியகம் இருக்கும் படூக்கா எங்கள் மாநிலத்தில்தான். அங்கே போய்வந்த பிறகுதான் இந்த ஆசையே வந்தது. எங்கள் ஊர்க் கடையில் ஒரு வகுப்பு முடித்தால் மணிக்கணக்கில் வாடகைக்குத் தருவார்கள்.

வகுப்பெடுத்த பாட்டி ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால் என்னை நிற்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, தோளைத் தளர்த்தி முழங்கையை மடக்கச் சொன்னார். தரையிலிருந்து என் முழங்கைவரை டேப் வைத்து அளந்தார். ஒரு பட்டையான டேப்பில் எண்ணை எழுதி ஃப்ரேம் காலில் ஒட்டினார். என் முறை முடிந்ததும் அதைப் பிய்த்து என் நோட்டில் ஒட்டிவிட்டு அடுத்தவரை நிற்க வைத்தார். அந்தக் காலில் எத்தனையோ பேருடைய டேப்பின் பசை படிந்து கிடந்தது. விலை, பிராண்டு பற்றி அவர் பேசவே இல்லை.

பஞ்சுப்பொதி, ஹூஸ்டன்

மஸ்லின், உங்கள் பதிவைப் படித்ததும் நேற்று செருப்பைக் கழற்றி, பாயில் நின்று முழங்கையை அளந்தேன். எண் கையில் இருக்கிறது. இனி எந்தக் கடைக்குப் போனாலும் இந்த உயரத்துக்கு இறக்கிக் காட்டினால்தான் கைப்பிடியைத் தொடுவேன்.

ரசமட்டம் அண்ணா, கிங் சைஸ் நான் தைப்பதே இல்லை, ஆகவே 12 அடி வேண்டாம். 10 அடியில் க்வீன் தாராளமாக வரும். பேக்கிங் துணியை (அடித்துணியை)ச் சுற்றிலும் 4 அங்குலம் கூடுதலாக விட்டாலும் இடமிருக்கும். பழைய மெஷின் ஒன்று பக்கத்து ஊரில் விலைக்கு வருகிறது, 22 அங்குலம். கால்களில் போல்ட்தான், லிஃப்ட் இல்லை. நான் ஒருத்திதான் தைக்கப் போகிறேன், ஒரு தடவை பூட்டிவிட்டால் போதும் என்று தோன்றுகிறது.

நூல்கண்டு, மினியாபொலிஸ்

ஒருத்திதான் என்றால் போல்ட் போதும். ரூலர் வேலை நிறையச் செய்வதாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். பழையது பார்க்கப் போகும்போது உங்கள் நூல், உங்கள் பேட்டிங், ஒரு முழத் துணி எடுத்துக்கொண்டு போங்கள். அவர்கள் தயாராக மாட்டி வைத்திருக்கும் துணியில் எல்லாமே நன்றாகத்தான் வரும். பாபின் அறையைத் திறந்து ஹூக்கில் துருவோ கீறலோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தைத்த பிறகு துணியைத் திருப்பி, வளைவுகளில் அடிநூல் நேர்க்கோடாகக் கிடக்கிறதா பாருங்கள், கிடந்தால் டென்ஷன் சரியில்லை. அது சரிசெய்யக் கூடியதுதான், அதற்காக வேண்டாமென்று வந்துவிடாதீர்கள், விலையில் பேசுங்கள்.