கடை சிஸ்டத்துல பேக்கப் நின்னு 11 நாள் ஆச்சு

[இரவு 9:14] அனுப்பானடி தம்பி: கடை சாத்தியாச்சு. கீழமாசி வீதியிலதான் இருக்கேன், உள்ரூம் கணக்கு சிஸ்டத்து முன்னால. பேக்கப் ஐகான் செவப்பா இருக்கு. "ஏஜென்ட் ஆஃப்லைன்"னு வருது. வைஃபை கோடு முழுசா இருக்கு.

[9:15] திருநகர் அக்கா: இங்க என் கன்சோல்லயும் (பேக்கப்பைக் கவனிக்கிற பக்கம்) ஏஜென்ட், அதான் அங்க பேக்கப் எடுக்கிற புரோகிராம், 11 நாளா ஆஃப்லைன்தான். அன்இன்ஸ்டால் மட்டும் பண்ணிராத தம்பி. பழைய செட்டிங், என்கிரிப்ஷன் பாஸ்வேர்டு எல்லாம் திரும்பக் கேட்கும். வலது கீழ் மூலையில தேதி என்ன காட்டுது?

[9:16] அனுப்பானடி தம்பி: 01-01-2016. மணி 1:22.

[9:16] திருநகர் அக்கா: அதேதான். ஏஜென்ட் சர்வரோட பேச ஆரம்பிக்கும்போது அதோட சர்டிஃபிகேட்டை, அதான் தேதி போட்ட டிஜிட்டல் அடையாளச் சான்றை, பார்க்கும். 2016னு நம்புற சிஸ்டத்துக்கு இப்போதைய சர்டிஃபிகேட் "இன்னும் செல்லுபடி ஆகல". உடனே லைனை அறுத்துரும். பிரவுசரைத் திற, அதுலயும் பாதுகாப்பு எச்சரிக்கை வரும்.

[9:18] அனுப்பானடி தம்பி: ஆமாக்கா, ஜிமெயில் கூட திறக்கல.

[9:19] பெரியப்பா: கவுண்டர் பில்லுல தேதி சரியாத்தானப்பா வருது?

[9:20] மேலூர் அண்ணன்: அது வேற சிஸ்டம் பெரியப்பா. உள்ரூம்ல ராத்திரி மெயின் சுவிட்சை அணைச்சிருவீங்கல்ல, அப்புறம் போர்டுல இருக்கிற குட்டி பேட்டரிதான் கடிகாரத்தை ஓட்டணும். அது செத்துப்போச்சு. தினமும் காலையில 2016லருந்து ஆரம்பிக்குது.

[9:21] திருநகர் அக்கா: இப்போதைக்கு தேதி, மணி ரெண்டையும் கையால போடு. டைம் ஜோன் சென்னைன்னு இருக்கான்னு பாரு. அதுக்கப்புறம் "சிங்க் நவ்". நேரம் 15 மணி நேரத்துக்கு மேல தப்பா இருந்தா விண்டோஸ் தானாத் திருத்தாது, அதான் நெட் இருந்தும் இப்படியே கெடந்திருக்கு. முடிச்சிட்டு சர்வீசஸ்ல போயி ஏஜென்ட் சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணு.

[9:27] அனுப்பானடி தம்பி: பச்சை வந்துருச்சு அக்கா. "பேக்கப் நவ்" குடுத்தேன், 4 நிமிஷத்துல ஃபெயில். ஸ்னாப்ஷாட் எடுக்க முடியலன்னு சொல்லி 8004231எஃப்.

[9:28] மேலூர் அண்ணன்: இது வேற கோளாறு, முன்னதோட சேர்த்துக் குழப்பிக்காத. அந்த எண்ணுக்கு அர்த்தம் ஷேடோ காப்பி, அதான் அந்த நொடி டிஸ்க் இருக்கிற நிலையைப் பிடிச்சு வைக்கிற ஸ்னாப்ஷாட், அதை வைக்க எடம் இல்லங்கறது. சி டிரைவ்ல எம்புட்டு மிச்சம்?

[9:29] அனுப்பானடி தம்பி: 111 ஜிபியில 1.3.

[9:31] மேலூர் அண்ணன்: டிஸ்க் கிளீன்அப் திற, "கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்" அமுக்கு. விண்டோஸ் அப்டேட் கிளீன்அப், டெம்ப்ரரி ஃபைல்ஸ் இது ரெண்டுக்கும் டிக் போதும். டவுன்லோட்ஸ்ல டிக் இருந்தா எடுத்துரு. கணக்கரு இறக்குன ஜிஎஸ்டி ரிட்டர்ன் பிடிஎஃப் எல்லாம் அங்கதான் கெடக்கும்.

[9:52] அனுப்பானடி தம்பி: 17 ஜிபி ஆயிருச்சு.

[9:53] மேலூர் அண்ணன்: இப்ப சிஸ்டம் புரொடெக்‌ஷன்ல சி டிரைவைத் தொட்டு கான்ஃபிகர். மேக்ஸ் யூசேஜ், அதான் ஷேடோ காப்பிக்கு ஒதுக்குன எடம், எத்தனைல இருக்கு?

[9:54] அனுப்பானடி தம்பி: 1%

[9:54] மேலூர் அண்ணன்: 10% வரைக்கும் இழு. பக்கத்துல "டிலீட்"னு இருக்கும், அதைத் தொடாத. பழைய ரீஸ்டோர் பாயின்ட் எல்லாம் போயிரும்.

[9:57] திருநகர் அக்கா: திரும்ப ஓட்டுறதுக்கு முந்தி ஒண்ணு. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்து "விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ரைட்டர்ஸ்" அடி. ஒவ்வொண்ணுக்கும் கீழ "ஸ்டேபிள்", "நோ எரர்" இருக்கணும். இல்லாததை மட்டும் சொல்லு.

[9:59] அனுப்பானடி தம்பி: எஸ்க்யூஎல் சர்வர் ரைட்டர் மட்டும் "ஃபெயில்டு". லாஸ்ட் எரர் "டைம்ட் அவுட்".

[10:01] திருநகர் அக்கா: ஸ்னாப்ஷாட் எடுக்கிற அந்த நொடி டேட்டாபேஸ் எழுதுறதை நிறுத்திப் பிடிச்சுக்கணும். அதைப் பார்த்துக்கிறதுதான் ரைட்டர். டிஸ்க் வேலையில மூச்சு முட்டுனா குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்காது. ஒரு தடவை ஃபெயில் ஆச்சுன்னா பல நேரம் தானா தெளியாது. சர்வீசஸ்ல "எஸ்க்யூஎல் சர்வர் விஎஸ்எஸ் ரைட்டர்" இருக்கும், அதை மட்டும் ரீஸ்டார்ட் பண்ணு. "எஸ்க்யூஎல் சர்வர்"னு தனியா ஒண்ணு இருக்கும், அதுல கைய வைக்காத. அதுதான் கணக்கையே தாங்குது.

[10:02] திருநகர் அக்கா: பெரியப்பா, பேக்கப் 8:30க்கு வச்சிருக்கு. அந்நேரம்தான கணக்கரு கவுண்டர்லருந்து அன்னைக்கு வியாபாரத்தை உள்ள இழுப்பாரு?

[10:03] பெரியப்பா: ஆமாம்மா, 8:15ல இருந்து 9 வரைக்கும்.

[10:03] திருநகர் அக்கா: ரெண்டும் முட்டுது. மதியம் 2:30க்கு மாத்திரலாமா? அப்ப கூட்டம் இருக்காதுல்ல.

[10:04] பெரியப்பா: மாத்திருங்க. சாப்பாட்டு நேரம்தான்.

[10:41] அனுப்பானடி தம்பி: ஓடி முடிஞ்சது. ஆனா மஞ்சள். "இசட் டிரைவ் காணோம்"னு எச்சரிக்கை. மை கம்ப்யூட்டர்ல இசட் இருக்கே அண்ணே, திறக்கவும் செய்யுது.

[10:44] மேலூர் அண்ணன்: உனக்குத் திறக்கும், ஏஜென்ட்டுக்குத் திறக்காது. இசட்டுங்கறது கவுண்டர் சிஸ்டத்து ஃபோல்டரை இங்க மேப் பண்ணி வச்ச டிரைவ், அது லாகின் பண்ண ஆளுக்குச் சொந்தம். ஏஜென்ட் லோக்கல் சிஸ்டம்ங்கற விண்டோஸோட சொந்த யூசர் பேர்ல ஓடுது, அதுக்கு இசட்டுன்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது. பேக்கப் ஜாப்ல இசட்டை எடுத்துட்டு முழு முகவரியப் போடு: ரெண்டு பேக்ஸ்லாஷ், கவுண்டர் சிஸ்டத்தோட பேரு, ஒரு பேக்ஸ்லாஷ், ஷேர் ஃபோல்டர் பேரு. கீழ யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கும். கவுண்டர் சிஸ்டத்தோடதைக் குடு, இதோடது இல்ல.

[10:58] அனுப்பானடி தம்பி: பச்சை. எச்சரிக்கை எதுவும் இல்ல.

[10:59] பெரியப்பா: அப்ப படுக்கப் போகலாமா?

[11:00] திருநகர் அக்கா: 10 நிமிஷம் பெரியப்பா. தம்பி, போன மாசத்து பில் ஃபோல்டர் ஒண்ணை ரீஸ்டோர் பண்ணு. டெஸ்க்டாப்ல "சோதனை"ன்னு ஃபோல்டர் போட்டு அதுக்குள்ள எறக்கு. பழைய எடத்துலயே எறக்குனா நல்லா இருக்கிறது மேலயே எழுதிரும்.

[11:09] அனுப்பானடி தம்பி: எறங்கிருச்சு. ரெண்டு பில்லைத் திறந்து பார்த்தேன், தொகை சரியா இருக்கு.

[11:11] மேலூர் அண்ணன்: மெயினை அணைச்சா நாளைக்குக் காலையில திரும்ப 2016தான். இன்னைக்கு ஒரு ராத்திரி அணைக்காம விடு. காலையில சிஆர் 2032 பேட்டரி வாங்கு, 3 வோல்ட். வாட்ச் ரிப்பேர் கடையிலயே கிடைக்கும். மாத்துறதுக்கு முந்தி பயாஸுக்குள்ள (விண்டோஸுக்கு முந்தி வர்ற செட்டிங் பக்கம்) போயி ஒவ்வொரு பக்கத்தையும் போன்ல படம் எடுத்து வச்சுக்க. பேட்டரியக் கழட்டுனா பயாஸ் செட்டிங் கம்பெனி போட்ட நிலைக்குப் போயிரலாம். சாட்டா மோடு, அதான் டிஸ்கோட பேசுற முறை, ஏஹெச்சிஐல இருந்து ஐடிஇக்கு மாறிட்டா விண்டோஸ் நீலத் திரையில நின்னுரும். படத்தைப் பார்த்து திருப்பிப் போட்டா சரியாயிரும், பதறி ஃபார்மேட் அடிக்க வேணாம்.

[11:12] மேலூர் அண்ணன்: கழட்டும்போது பிளக்கை உருவிட்டு பவர் பட்டனை 10 நொடி அமுக்கு. ஓரத்துல இருக்கிற கம்பிக் கொக்கியப் பைய விலக்குனா பேட்டரி தானா எம்பும். பிளஸ் போட்ட பக்கம் மேல பார்த்து இருக்கணும்.

[11:13] அனுப்பானடி தம்பி: சரிண்ணே. 10 மணிக்கு மாத்திட்டு பயாஸ் தேதியப் படம் எடுத்துப் போடுறேன்.

[11:14] திருநகர் அக்கா: மதியம் 2:30 ஜாப் முடிஞ்சதும் கன்சோல்ல பார்த்துச் சொல்றேன் பெரியப்பா. வீட்டுக்குக் கெளம்புங்க.